சிம்பதிக்கும் எம்பதிக்கும் நடுவே நின்ற லிஃப்ட்

இரண்டு ஆங்கில வார்த்தைகளுக்கு வித்தியாசம் தெரியாமல் இருந்தவரை எங்கள் கம்பெனியின் லிஃப்டுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. தெரிந்த பிறகுதான் நின்றன. இதில் என் பங்கு கொஞ்சநஞ்சமல்ல என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்களுடையது லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி. அடுக்குமாடிக் குடியிருப்புகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, லிஃப்ட் நின்றால் ஆள் அனுப்பி ஓட வைப்பது தொழில். அலுவலகம் தரைத்தளத்தில் இருந்ததால் எங்களில் யாருக்கும் லிஃப்டில் ஏற வேண்டிய அவசியம் வந்ததில்லை. நான் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவன். பக்கத்து நாற்காலியில் இன்னொருவர். வாக்கியத்துக்கு ஒருமுறை இருமுவார் என்பதால் அவருக்கு 'இருமல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மனைவிகூட போனில், "இருமல் இருக்காரா?" என்றுதான் கேட்பார்.

வேலைமுறை எளிது. மணி அடிக்கும். எடுப்பேன். "லிஃப்ட் நின்னுடுச்சுங்க" என்பார்கள். "அடடா, பாவமே! இதோ ஆள் அனுப்பறேன்" என்பேன். பிறகு ஜன்னலைத் திறந்து, எதிர் டீக்கடையில் நிற்கும் மெக்கானிக்கைப் பார்த்து ஒரு சத்தம் போடுவேன். அவருக்குப் பெயர் கிரீஸ். அவர் தொட்ட எந்தக் கதவிலும் அவருடைய கைரேகை இருக்கும். அரை டீயை அப்படியே வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே கிளம்புவார். லிஃப்ட் ஓடும். அந்த 'அடடா'வுக்கு நான் எங்கேயும் படிக்கவில்லை. அம்மா சொன்னாள், அப்பா சொன்னார், எனக்கும் வாயில் வந்தது.

அதுதான் நோய் என்று எங்கள் மேனேஜர் கண்டுபிடித்தார். ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவர், மறுநாள் காலை எங்களை நிற்க வைத்துப் பேசினார்.

"நம்ம கம்பெனிக்கு என்ன குறைன்னு இத்தனை வருஷமா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன். நேத்துதான் தெளிவாச்சு. நம்மகிட்ட சிம்பதி இருக்கு. எம்பதி இல்ல!"

திருடிவிட்டுக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி நாங்கள் நின்றோம். இருமல் மட்டும் துணிந்து, "ஸ்டோர்ல இருக்கான்னு பாக்கட்டுமா சார்?" என்று கேட்டார்.

எங்கள் குற்றமும் இல்லை. எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் சேர்த்து 'பாவம்' என்ற ஒரே சொல்லை வைத்துக் காலத்தை ஓட்டிவிட்டோம்.

அடுத்த வாரம் ஒரு பயிற்சியாளர் அம்மா வந்து சேர்ந்தார். குரல் பஞ்சு. எதைப் பேசினாலும் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டபோதும் கை நெஞ்சில்தான் இருந்தது. வெள்ளைப் பலகையில் ஒரு மேகம் வரைந்தார், அதன் கீழே ஒரு மனிதனை வரைந்தார்.

"ஒருத்தர் மழையில நனையறார். ஜன்னல்ல நின்னுக்கிட்டு 'ஐயோ பாவம், நனையறாரே'ன்னு சொன்னா அது சிம்பதி. கீழ இறங்கிப் போய், அவர் பக்கத்துல நின்னு, நாமும் நனையறோம் பாருங்க, அது எம்பதி."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிரீஸுக்குக் கை உயர்ந்தது.

"அப்ப குடை யாரு மேடம் குடுக்கறது?"

பயிற்சியாளர் அம்மா குழந்தையைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். "குடைங்கறது தீர்வு. உடனே தீர்வு குடுத்துடணும்கிற அவசரம் இருக்கே, அதுதான் உணர்வுக்கு முதல் எதிரி."

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "கேட்டுக்கோங்க எல்லாரும்! ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டா வாடிக்கையாளர் நம்மள அடுத்த நிமிஷமே மறந்துடுவார். அவரோட சேர்ந்து நாமும் கஷ்டப்பட்டோம்னு வைங்க, சாகற வரைக்கும் மறக்க மாட்டார்!"

இதில் பின்பாதி முழு உண்மை என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன்.

புதிய முறை அமலுக்கு வந்தது. போன் எடுத்ததும் முதல் கட்டம், மௌனம். வாடிக்கையாளரின் வலிக்கு இடம் கொடுக்க வேண்டும். இரண்டாவது கட்டம், அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்வது. மூன்றாவது, சுவரில் மாட்டியிருந்த வட்டப் படத்திலிருந்து அவருடைய உணர்ச்சியைத் தேர்ந்தெடுத்து அவருக்குத் தெரிவிப்பது. வட்டத்தில் தனிமை, ஏக்கம், தவிப்பு எல்லாம் இருந்தன. கோபம் மட்டும் இல்லை. அது எதிர்மறையானது என்று மேனேஜர் எடுக்கச் சொல்லிவிட்டாராம். கடைசியாக வாடிக்கையாளர் தன் வாயால், "ஆமாம், நீங்கள் என்னைப் புரிந்துகொண்டீர்கள்" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் வந்தால்தான் புகார் மெக்கானிக்குக்குப் போகும். வராவிட்டால் மறுபடி மௌனத்திலிருந்து தொடங்க வேண்டும். 'அடடா' தடை செய்யப்பட்டது. 'பாவம்' என்று சொன்னால் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

முதல் நாளே புது ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, அதை மேலே ஏற்ற முடியாமல் படிக்கட்டடியில் நின்றுகொண்டு ஒருவர் கூப்பிட்டார். மௌனம் காத்தேன். திருப்பிச் சொன்னேன். வட்டத்தைப் பார்த்தேன். "நீங்கள் கைவிடப்பட்டதாக உணர்கிறீர்கள்" என்றேன்.

"நான் இல்லய்யா! ஃபிரிட்ஜ்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். ஃபிரிட்ஜுக்கும் உணர்ச்சி உண்டா என்று பயிற்சியாளர் அம்மாவிடம் கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. இத்தனை வருடமும் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டிருந்த ஒருவனிடம் திடீரென்று, 'உனக்குள் ஒரு அபூர்வ ஆற்றல் இருக்கிறது' என்று ஒரு அம்மா நெஞ்சில் கைவைத்துச் சொன்னால் அவன் என்ன செய்வான்? கண்ணாடி முன் நின்று தலையைச் சாய்த்துக் கேட்கும் பாவனையைப் பழகினேன். வீட்டிலும் விடவில்லை.

"சமையலறைக் குழாய் ஒழுகுதுங்க" என்றாள் மனைவி.

மௌனம் காத்தேன்.

"உங்களைத்தான்."

"குழாய் ஒழுகுகிறது என்று சொல்கிறாய். அதனால் நீ தனிமையாக உணர்கிறாய்."

"நான் தனிமையா இல்ல. ஈரமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவள் மாவுக் கரண்டியை வைத்த வேகத்தில் எனக்கு மூன்றாவது கட்டமே மறந்துபோயிற்று. குழாயை அவளே துணி சுற்றிக் கட்டினாள். அவளுக்குப் பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் அக்கா கூப்பிட்டாள்.

என் அக்கா ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறாள். அத்தான் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள், கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருக்கிறாள், நிறைமாதம். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். பிரசவத்தின்போது மகள் பக்கத்தில் இருந்தே தீருவது என்ற ஒரே பிடிவாதத்தில் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். அவள் குடியிருப்பின் லிஃப்ட் எங்கள் கம்பெனியின் பராமரிப்பில்தான் இருந்தது. வேறு கம்பெனிக்குப் போக இருந்த ஒப்பந்தத்தைச் சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டு எங்களுக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். 'என் தம்பி இருக்கான், ஒரு குரல் குடுத்தா ஓடி வருவான்' என்று சொன்னாளாம்.

குரல் கொடுத்தாள். அப்போது என் நாற்காலிக்குப் பின்னால் பயிற்சியாளர் அம்மா நின்றிருந்தார். பேச்சு பதிவாகிக்கொண்டிருந்தது.

"டேய், நம்ம லிஃப்ட் நின்னுடுச்சுடா."

மௌனம்.

"டேய்? இருக்கியா, செத்தியா?"

"லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்கிறீர்கள்."

"யாரு பேசறது? தம்பி, நீதானேடா? சளி பிடிச்சிருக்கா?"

"உங்கள் குரலில் ஒரு தவிப்பு தெரிகிறது. அது எனக்கும் கடினமாக இருக்கிறது."

"கட்டு போட்டது என் கால்ல. உனக்கு என்னடா கடினம்? அந்த கிரீஸை அனுப்புடா. புள்ளைக்கு எப்ப வேணா வலி எடுக்கும். நான் இறங்கணும்."

என் வாய்வரை 'அடடா' வந்துவிட்டது. பின்னாலிருந்து பயிற்சியாளர் அம்மாவின் கை என் தோளில் மெல்ல விழுந்தது. 'அடடா'வை விழுங்கினேன்.

"உங்கள் இடத்தில் நான் இருப்பதாகவே உணர்கிறேன். நீங்கள் தனியாக இல்லை. உங்கள் வலி என் வலி."

எதிர்ப்பக்கம் நீண்ட மௌனம். எனக்கு முன்னால் அக்காவே முதல் கட்டத்துக்குப் போய்விட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"உன்னை நல்லா புரிஞ்சுக்கிட்டேன்டா."

போன் வைக்கப்பட்டது. பயிற்சியாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கடைசி வாக்கியத்தை ஏற்க முடியாது என்றார். புரிந்துகொள்பவர்கள் நாமாக இருக்க வேண்டும், வாடிக்கையாளராக இருக்கக் கூடாதாம். புகார் மெக்கானிக்குக்குப் போகவில்லை.

அந்தப் பேச்சை அன்று மாலையே கூடத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்கள். ரத்த உறவு என்றும் பாராமல் விதியைக் காப்பாற்றியவன் என்று மேனேஜர் என்னைப் புகழ்ந்து, மஞ்சள் தகட்டில் செய்த ஒரு நட்சத்திரத்தை என் சட்டையில் குத்திவிட்டார். அதோடு விடவில்லை. என் பேச்சின் சிறந்த பகுதியை வெட்டி எடுத்து, கம்பெனிக்கு யார் கூப்பிட்டாலும் முதலில் ஒலிக்கும்படி வைத்துவிட்டார்கள். இருமல் பொறாமையில் இரண்டு நாள் இருமாமலே இருந்தார்.

கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். மறுநாள் திருட்டுத்தனமாக டீக்கடைக்குப் போய் கிரீஸைப் பிடித்தேன்.

"அண்ணே, அக்கா வீட்டு லிஃப்டை ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்."

"எதை வெச்சுப் பாக்கறது? பல்லை வெச்சா?" என்றார் கிரீஸ். "பையை வாங்கிப் பூட்டி வெச்சுட்டாங்கப்பா. பை கையில இருந்தா மனசு தீர்வைத் தேடுமாம். முதல்ல வெறுங்கையோட உணரக் கத்துக்கணுமாம். நேத்து என்னை ஒரு மணி நேரம் ஒரு பெஞ்சுல உக்கார வெச்சு, 'நீங்க ஒரு நின்னுபோன லிஃப்ட், என்ன நினைக்கிறீங்க'ன்னு கேட்டுச்சு அந்தம்மா."

"என்ன சொன்னீங்க?"

"எண்ணெய் போடச் சொன்னேன். ஃபெயிலாக்கிட்டாங்க."

நான் மேனேஜர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கலாம். போனேன்கூட. கதவருகில் நின்றபோது கண்ணாடியில் என் நெஞ்சில் மின்னிய நட்சத்திரம் தெரிந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். வேறென்ன சொல்ல? மானம் கெட்ட நட்சத்திரம். அக்காவுக்குப் போன் செய்து, "இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குச் சரியாயிடும்கா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கு அடுத்த நாள் அவளே என்னிடம், "நாளைக்குச் சரியாயிடும், தெரியும், வை" என்றாள்.

இந்த நேரத்தில்தான் மேனேஜருக்கு அடுத்த யோசனை உதித்தது. அறைக்குள் உட்கார்ந்து உணர்வது போதாது, நின்றுபோன லிஃப்டுக்குள்ளேயே போய் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, வாடிக்கையாளர் படும் பாட்டை நேரடியாகப் பட வேண்டும். அதற்கு 'களப் பரிவு' என்று பெயர் வைத்தார். எந்த லிஃப்ட்? கம்பெனியே கொண்டாடிய அந்தப் பேச்சுக்குக் காரணமான லிஃப்டைத் தவிர வேறெது?

ஒரு காலை நால்வரும் போய் இறங்கினோம். மேனேஜர், பயிற்சியாளர் அம்மா, கிரீஸ், நான். நான்தான் முன்னால் நடந்தேன், எனக்குத்தானே வழி தெரியும். வாட்ச்மேன் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தார்.

"வந்துட்டீங்களா சார்! மேல அம்மாகிட்டச் சொல்லட்டுமா?"

"நாங்க சரி பண்ண வரலப்பா. கஷ்டப்பட வந்திருக்கோம்" என்றார் மேனேஜர் கம்பீரமாக.

லிஃப்ட் தரைத்தளத்தில் வாயைத் திறந்தபடி நின்றது. உள்ளே போனோம். கிரீஸ் கதவை அழுத்திச் சாத்தினார். பயிற்சியாளர் அம்மா கண்களை மூடச் சொன்னார். மூடினோம். "இப்ப நீங்க எல்லாரும் உதவி கிடைக்காத ஒரு வாடிக்கையாளர்" என்றார். மேனேஜர் ஆழமாக மூச்சிழுத்தார். நானும் இழுத்தேன். அப்போது, இத்தனை நாள் அசையாமல் கிடந்த லிஃப்ட், ஒரு குலுக்கலோடு மேலே ஏறத் தொடங்கியது.

"பாத்தீங்களா!" என்றார் மேனேஜர் கண்ணைத் திறந்து. "உணர்ந்த உடனே ஓடுது!"

"கதவுல லூஸ் கான்டாக்ட் சார்" என்றார் கிரீஸ். "அழுத்திச் சாத்தினா ஓடும். அப்புறம் எங்கயாவது போய் நின்னுடும்."

ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் போய் நின்றது. விளக்கும் அணைந்தது. ஆறாவது மாடிக் கதவின் சின்னக் கண்ணாடி வழியாக எங்கள் முழங்கால்களுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"இது ரொம்ப நல்ல அனுபவம். யாரும் எதிர்க்காதீங்க" என்றார் பயிற்சியாளர் அம்மா. குரலில் பஞ்சு குறைந்திருந்தது.

மேனேஜர் கொஞ்ச நேரம் எதிர்க்காமல் இருந்து பார்த்தார். பிறகு கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். பிறகு கதவை உதைத்தார். "போதும்யா! மெக்கானிக்கை வரச் சொல்லு!"

"மெக்கானிக் இங்கதான் சார் இருக்கார்" என்றேன்.

"அப்ப ரிப்பேர் பண்ணச் சொல்லு!"

"பை இல்ல சார்" என்றார் கிரீஸ்.

"எங்க வெச்சே?"

"உங்க ரூம்ல, பீரோவுல."

"அதைத் திறந்து எடுத்துட்டு வரச் சொல்லு யாரையாவது!"

"சாவி உங்க பாக்கெட்ல சார்."

மேனேஜர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி பத்திரமாக இருந்தது.

பீரோவை உடைக்கச் சொல்லலாம் என்று நான் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன் ஒரு குழைந்த குரல் என் காதில் விழுந்தது: "உங்கள் இடத்தில் நான் இருப்பதாகவே உணர்கிறேன். நீங்கள் தனியாக இல்லை. உங்கள் வலி என் வலி."

என் குரல்தான். அந்த நிமிடத்தில் அது சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனாலும் அந்தக் குரலுக்கு உரியவன் நேரில் கிடைத்தால் பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது. இதைக் கேட்டுக்கொண்டுதானே இத்தனை பேரும் போனை வைத்தார்கள் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

ஒருவழியாக இருமல் எடுத்தார். எடுத்ததும் மௌனம் காத்தார்.

"இருமல், நான்தான்யா! லிஃப்டுல மாட்டிக்கிட்டோம்!"

"லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகச் சொல்கிறீர்கள்."

"யோவ், மேனேஜரும் கூட இருக்கார்!"

மேனேஜர் போனைப் பிடுங்கினார். "நான் மேனேஜர் பேசறேன்யா!"

ஒரு இருமல் கேட்டது. "தன்னை முக்கியமானவராக உணர்வது எல்லா வாடிக்கையாளருக்கும் இயல்புதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், போன வாரம் வேற குரல்ல பேசி என்னைச் சோதிச்சீங்களே, அப்ப ஏமாந்துட்டேன். இந்தத் தடவை ஏமாற மாட்டேன். எனக்கும் ஒரு நட்சத்திரம் வேணும் சார்" என்றார்.

மேனேஜர் திட்டினார், மிரட்டினார், கெஞ்சினார். இருமல் வட்டத்திலிருந்து ஒவ்வொரு உணர்ச்சியாக எடுத்துக் கொடுத்தார். கடைசியில் மேனேஜர் லிஃப்டின் மூலையில் சரிந்து உட்கார்ந்து, உடைந்த குரலில், "ஆமாம், நீங்கள் என்னைப் புரிந்துகொண்டீர்கள்" என்றார்.

"மிக்க நன்றி. புகார் பதிவாயிற்று. பயிற்சி முடிந்து திரும்பியதும் மெக்கானிக் வருவார்."

சிரித்தது கிரீஸ் ஒருவர்தான். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அதற்குள் தலைக்கு மேலே, ஏழாவது மாடிக் கதவில் ஊன்றுகோலால் தட்டும் சத்தம் கேட்டது.

"டேய் தம்பி! உள்ள நீயாடா இருக்கே?"

"ஆமாங்கா."

"லிஃப்ட் சரியாயிடுச்சா?"

"இல்லக்கா."

"அப்புறம் உள்ள என்னடா பண்றே?"

"நீ படற கஷ்டத்தை நாங்களும் படறோம்கா" என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

பிறகு அவள் பேசியபோது குரல் நடுங்கியது. அக்காவுக்குக் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை, அத்தான் போன அன்றுகூட.

"மாப்பிள்ளை போன் பண்ணினார்டா. வலி எடுத்துடுச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அம்மா எங்கன்னு கேக்கறாளாம். நான் எப்படிடா இறங்குவேன்? இன்னைக்கு நாளைக்குன்னு சொன்னியேடா."

பயிற்சியாளர் அம்மா இருட்டில் என் கையைத் தொட்டு, "அவங்க உணர்வைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று கிசுகிசுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண்மணியைப் பார்த்து, "வாயை மூடுங்கம்மா" என்றேன். இருட்டில் அவர் முகம் தெரியாதது நல்லதாயிற்று. பிறகு லிஃப்டின் கூரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன்: "யாராவது இருக்கீங்களா? எங்க அக்காவைக் கீழ கொண்டுபோங்க! யாராவது வாங்க!"

ஜன்னலைத் திறந்து கிரீஸைக் கூப்பிடும் பழைய குரல் அது. நல்லவேளை, துருப்பிடிக்கவில்லை.

கதவுகள் திறக்கும் ஓசைகள் கேட்டன. எதிர்வீட்டு வாத்தியார், ஐந்தாவது மாடி டாக்ஸி டிரைவர், கீழிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த வாட்ச்மேன். ஆளுக்கு ஆள் பேசியது ஒன்றும் புரியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அடடா, பாவமே! வலி எடுத்துடுச்சுன்னு முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நாற்காலியை எடுங்கப்பா!"

சாப்பாட்டு மேசை நாற்காலியில் அக்காவை உட்கார வைத்து, சேலையால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, மாவுக்கட்டுக் காலை வாத்தியாரின் மனைவி ஏந்திக்கொள்ள, மற்ற மூவரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அக்கா இளைத்த உடம்புக்காரி அல்ல. ஒவ்வொரு திருப்பத்திலும் 'பாத்து, பாத்து' என்று கேட்டது. ஆறாவது மாடியில் மூச்சு வாங்க நாற்காலியை இறக்கி வைத்தார்கள். நான் லிஃப்டின் தரையில் குப்புறப் படுத்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். அக்காவும் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தம்பி, நீ உள்ளயே இருந்து நல்லா உணர்ந்துக்கிட்டு இரு. நான் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

நாற்காலி எழுந்தது. கண்ணாடியில் வாட்ச்மேனின் முதுகு தெரிந்தது, பிறகு படிக்கட்டுக் கைப்பிடி மட்டும் தெரிந்தது.

எங்களை வெளியே எடுத்தவர் அதே வாட்ச்மேன்தான். அக்காவை டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசல்வரை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, உள்ளிருந்து கிரீஸ் வழி சொல்லச் சொல்ல, மொட்டைமாடி மோட்டார் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி எங்களை இறக்கினார். மதியமாகிவிட்டது. மேனேஜர் வெளியே வந்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வெற்றி" என்றார்.

வாத்தியாரிடம் நான் ஒன்று கேட்டேன். "இத்தனை நாளா நீங்களே தூக்கிட்டுப் போய் மக வீட்டுல விட்டிருக்கலாமே சார்?"

"நாங்க தயாராத்தான் இருந்தோம் தம்பி" என்றார் அவர். "உங்க அக்காதான் வேண்டாம்னுட்டாங்க. 'என் தம்பி கம்பெனிதான், சொல்லியிருக்கான், நாளைக்கு வந்துடுவான்'னு தினமும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். வட்டத்தில் அதற்கென்ன பெயர் என்று தேடவில்லை.

அக்கா போய்ச் சேர்ந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பேத்தி பிறந்தாள். அது என்னுடைய புண்ணியம் இல்லை, அந்தக் குழந்தையின் பொறுமை.

கம்பெனியில் கூட்டம் போட்டார்கள். மேனேஜர் பேசினார்: "நான் உள்ள இருந்தேன். இருட்டை அனுபவிச்சேன். அழுதேன். வெக்கப்படல. இனிமே நம்ம பராமரிக்கிற ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளயும் கண்ணைத் துடைச்சுக்கக் காகிதக் கைக்குட்டை வைக்கப்படும்!" கைதட்டல். இருமலுக்கு நட்சத்திரம் குத்தப்பட்டது. அடுத்த மாதம் 'எஃபெக்டிவ்', 'எஃபிஷியன்ட்' என்ற வேறு இரண்டு வார்த்தைகளுக்குப் பயிற்சி நடக்கும் என்றும் அறிவித்தார்கள். கிரீஸின் பையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் எழுந்து கேட்டேன். கேள்வியில் தீர்வு மனப்பான்மை தெரிவதாகச் சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள்.

மகளையும் குழந்தையையும் தன்னோடு தங்க அழைத்துக்கொண்டு அக்கா வீடு திரும்பிய அன்று லிஃப்ட் அப்படியேதான் இருந்தது. காகிதக் கைக்குட்டை மட்டும் வந்திருந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். மகள் குழந்தையை அணைத்துக்கொண்டு மெதுவாகப் படியேறினாள். நாற்காலியில் அக்கா. முன்பக்கம் வாட்ச்மேனும் டிரைவரும். பின்பக்கம் ஒரு கையை வாத்தியார் பிடித்துக்கொண்டார். இன்னொன்றைப் பிடிக்க யாரையும் கேட்காமல் நான் போனேன். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாவது மாடியில் சட்டை நனைந்துவிட்டது. நான்காவது மாடித் திருப்பத்தில் நாற்காலி முதுகு என் சட்டையில் உரசி, கழற்ற மறந்திருந்த நட்சத்திரம் கழன்று படிகளில் டிங் டிங் என்று கீழே உருண்டோடியது. குனிந்து எடுக்க முடியாது, கையில் அக்கா. ஐந்தாவது மாடியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"என்னடா, சத்தத்தையே காணோம்?" என்றாள் அக்கா முன்னால் பார்த்தபடியே. "இப்ப எப்படி உணர்றே?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"கனமா இருக்கேக்கா!"

அக்கா சிரித்தாள். நாற்காலி குலுங்கியது. வாட்ச்மேன், "அம்மா, சிரிக்காதீங்கம்மா, விட்டுடுவோம்" என்று கத்தினார்.

"இப்பதான்டா நீ என் தம்பி மாதிரி பேசறே" என்றாள் அவள். "கெட்டியாப் பிடி. இன்னும் ரெண்டு மாடி இருக்கு."